பெயரின் நடுவே ஓர் இடைவெளி

ஒருவர் தன் கணினியில் ஒரு கோப்பைச் சேமிக்கிறார். ‘ஆண்டு அறிக்கை’ என்று பெயர் வைக்கிறார். இரண்டு சொல், நடுவில் ஓர் இடைவெளி. எஃப்டிபி வழியாக அதை அலுவலக சர்வருக்கு அனுப்புகிறார். கோப்பு ஒரு பைட்டும் குறையாமல் போய்ச் சேர்கிறது. சர்வரின் வட்டில் பார்த்தால் அதே பெயர், அதே இடைவெளி. ஆனால் யார், எப்போது, எதை அனுப்பினார் என்று சர்வர் எழுதி வைக்கும் பதிவேட்டைத் திறந்தால் அங்கே இருப்பது ‘ஆண்டு_அறிக்கை’. இடைவெளி இருந்த இடத்தில் ஓர் அடிக்கோடு.

இதைச் சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பதிவேடு என்பது சாட்சி. சாட்சி ஒரு பெயரை மாற்றிச் சொன்னால், ஏன் மாற்றியது என்று கேட்டே ஆக வேண்டும். அதற்கு அந்த இடைவெளி வந்த வழியைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கணினிக்கு இடைவெளி என்பது வெறுமை அல்ல, அதுவும் ஓர் எழுத்து. 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி தரத்தில் அதற்கு 32 என்ற எண் கொடுத்தார்கள். பிற்பாடு அதன் இடத்தைப் பிடிக்கப்போகும் அடிக்கோடு அப்போது அந்தப் பட்டியலிலேயே இல்லை. 95ஆம் இடத்தில் இடப்பக்கம் நோக்கிய ஓர் அம்புக்குறி இருந்தது. 1967இல் தரத்தைத் திருத்தியபோதுதான் அம்பு போய் அடிக்கோடு வந்தது. 1969 அக்டோபரில் வின்ட் செர்ஃப் இந்த எழுத்துப் பட்டியலை அர்பாநெட் வலைப்பின்னலுக்காக ஆர்எஃப்சி 20 என்ற ஆவணமாகத் தந்தார். அதில் இடைவெளிக்கு இரண்டு வேலை சொல்லப்பட்டிருக்கிறது. சொற்களைப் பிரிக்கும், அச்சில் தெரியாத ஓர் எழுத்து அது. கூடவே, அச்சிடும் இடத்தை ஒரு கட்டம் முன்னே நகர்த்தும் கட்டளையும் அதுவே. எழுத்தா, பிரிப்பானா என்ற குழப்பம் அதன் பிறப்புச் சான்றிதழிலேயே எழுதப்பட்டுவிட்டது. பின்னால் வந்த சிக்கல்கள் அத்தனையும் இந்த இரட்டை வேலையிலிருந்து கிளைத்தவைதான்.

கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் முறையை முதலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் தொகுதி மாணவர், பிறகு அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். 1971 ஏப்ரல் 16 தேதியிட்ட ஆர்எஃப்சி 114 அவருடையது. எஃப்டிபியின் தொடக்கம் அந்த ஆவணம். அப்போது எம்ஐடியின் பிராஜெக்ட் மேக் ஆய்வகத்தில் இரண்டு வகைக் கணினிகள் இந்த முயற்சியில் இருந்தன. ஒன்று மல்டிக்ஸ் ஓடிய ஜிஇ 645, மற்றொன்று ஐடிஎஸ் என்ற இயக்குதளம் ஓடிய பிடிபி-10. ஐடிஎஸ்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பெயர் உண்டு, ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஆறு எழுத்து. 36 பிட் கொண்ட ஒரு சொல்லுக்குள் ஆறு பிட் எழுத்துகள் ஆறுதான் அடங்கும் என்பதால் அந்த அளவு. அந்த இரண்டு பெயர்களையும் எழுதும்போது நடுவே விடுவது ஓர் இடைவெளி! எஃப்டிபி பிறந்த ஆய்வகத்திலேயே, கோப்பின் பெயரைச் சொல்ல இடைவெளி தேவைப்பட்டது. இடைவெளி உள்ள பெயர் விண்டோஸ் கொண்டுவந்த கெட்ட பழக்கம் என்று சொல்லும் பழைய யூனிக்ஸ்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எஃப்டிபி பல திருத்தங்களைக் கண்டு, 1985 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்எஃப்சி 959இல் நிலைபெற்றது. இன்றைக்கும் எஃப்டிபி என்றால் அடிப்படை அதுதான். அந்த ஆவணம் கோப்புப் பெயரிடம் காட்டிய தாராளம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெயரில் ஆஸ்கியின் 128 எழுத்துகளில் எதுவும் வரலாம், வரியை முடிக்கும் இரண்டு எழுத்துகளைத் தவிர. கோப்பை ஏற்ற ‘ஸ்டோர்’ என்ற கட்டளை, பிறகு ஓர் இடைவெளி, பிறகு பெயர், பிறகு வரி முடிவு. கட்டளைக்கு அடுத்து வரும் முதல் இடைவெளிதான் பிரிப்பான். அதன்பின் வரி முடியும் வரை வருவதெல்லாம் பெயர். அதற்குள் எத்தனை இடைவெளி இருந்தாலும் சர்வருக்குக் குழப்பமே இல்லை, ஏனென்றால் பெயர் வரியின் கடைசியில் இருக்கிறது.

அதே ஆவணத்தில் இன்னொரு இடம் உண்டு. புதிய அடைவு ஒன்றை உருவாக்கினாலோ, இப்போது எந்த அடைவில் இருக்கிறோம் என்று கேட்டாலோ சர்வர் 257 என்ற எண்ணோடு பதில் சொல்லும். அந்தப் பதிலில் பெயருக்குப் பின்னால் வேறு சொற்களும் வரலாம் என்பதால், பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்கச் சொன்னார்கள். பெயருக்குள்ளேயே ஒரு மேற்கோள் குறி இருந்தால்? அதை இரண்டு முறை எழுதச் சொன்னார்கள். ஆக, பெயர் கடைசியில் இருந்தால் அப்படியே விடலாம், நடுவில் வந்தால் மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். இந்த இரண்டு வழிகளும் 1985லேயே எழுத்தில் இருந்தன. பதிவேடு எழுதியவர்கள் கையிலும் அந்த ஆவணம் இருந்தது.

யூனிக்ஸிலும் தடை கிடையாது. அதன் கோப்பு முறைமை, பெயரில் சாய்கோட்டையும் சுழி பைட்டையும் மட்டுமே மறுக்கும். தடை வந்தது வேறு இடத்திலிருந்து. யூனிக்ஸின் கட்டளை வரி, சொற்களை இடைவெளியால் பிரித்துப் படிக்கிறது. ‘ஆக்’ போன்ற கருவிகள் ஒரு வரியை இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டி, ஒன்றாம் துண்டு, இரண்டாம் துண்டு என்று எண் போட்டுக் கொடுக்கின்றன. இந்தக் கருவிகளோடு வாழ்ந்தவர்கள், பெயரில் இடைவெளி வைக்காமல் இருக்கத் தாமாகவே பழகிக்கொண்டார்கள். யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் எழுதாத அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அடுத்த கட்டம் எழுதப்பட்டது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1990களின் தொடக்கத்தில் இணையத்தின் மிகப் பெரிய கோப்புக் கிடங்குகளில் ஒன்றை நடத்தியது. யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் உள்ளே வந்து மென்பொருள்களை இறக்கிக்கொள்ளலாம். அவ்வளவு கூட்டத்தைத் தாங்க அங்கே எழுதிய சர்வர் மென்பொருள்தான் டபிள்யூயூ-எஃப்டிபிடி. எந்தக் கோப்பை எத்தனை பேர் எடுக்கிறார்கள், எவ்வளவு பைட்டு போகிறது என்று கணக்கெடுப்பது அவர்களுக்கு அவசியம். அதற்காக ஒவ்வொரு பரிமாற்றம் முடிந்ததும் ஒரு வரி எழுதும் பதிவேட்டை வைத்தார்கள். ‘எக்ஸ்ஃபர்லாக்’ என்று அதற்குப் பெயர். அந்த வரி எப்படி இருக்கும் என்று, ஆங்கில எழுத்துகளைத் தமிழாக்கி எழுதிக் காட்டுகிறேன்:

புதன் மார்ச்  5 10:42:17 2003 3 192.0.2.15 48213 /அனுப்பு/ஆண்டு_அறிக்கை.பிடிஎஃப் பி _ ஐ ஆர் மீனா எஃப்டிபி 0 * சி

முதலில் நாளும் நேரமும். அடுத்து பரிமாற்றத்துக்கு ஆன நொடிகள், எதிர்முனைக் கணினியின் முகவரி, கோப்பின் அளவு, கோப்பின் பெயர். அதன்பின் ஒற்றை எழுத்துக் குறிகள்: பைனரியா உரையா, வழியில் சுருக்கப்பட்டதா, உள்ளே வந்ததா வெளியே போனதா, பயனர் எந்த வகை. பிறகு பயனரின் பெயர், சேவையின் பெயர், அடையாளம் சரிபார்த்த விவரம், கடைசியில் பரிமாற்றம் முழுமையா பாதியிலேயே நின்றதா என்ற குறி. மொத்தம் 14 புலங்கள். நாளும் நேரமும் சேர்ந்த முதல் புலமே ஐந்து துண்டாக இருப்பதால், இடைவெளியால் வெட்டினால் 18 துண்டு கிடைக்கும். கோப்பின் பெயர் ஒன்பதாவது துண்டு. அதற்கு முன்னால் எட்டு, பின்னால் ஒன்பது.

பெயரை நட்ட நடுவில் வைத்துவிட்டார்கள். மேற்கோள் குறியும் இல்லை. புலங்களைப் பிரிப்பதும் இடைவெளிதான். இந்த வரியில் ‘ஆண்டு அறிக்கை’ என்று இடைவெளியோடு எழுதினால் 18 துண்டு 19 ஆகிவிடும். ஒன்பதாவது துண்டு ‘ஆண்டு’ என்பதோடு முடிந்துவிடும். பைனரியா உரையா என்று சொல்ல வேண்டிய பத்தாவது இடத்தில் ‘அறிக்கை’ வந்து உட்காரும். பயனரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குறி. கணக்கெடுக்கும் நிரல் அதற்குப்பின் படிப்பதெல்லாம் தவறு.

எழுதியவர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்தே இருந்தது. அதனால்தான் பதிவேட்டில் எழுதும் முன் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து, இடைவெளியோ டேபோ வேறு கட்டுப்பாட்டு எழுத்தோ கண்டால் அந்த இடத்தில் அடிக்கோடு போடும்படி நிரலில் சேர்த்தார்கள். வட்டில் உள்ள கோப்பை அது தொடுவதில்லை, பதிவேட்டுக்காக எடுத்த நகலில்தான் மாற்றம். பின்னால் வந்த புரோஎஃப்டிபிடி என்ற சர்வர் மென்பொருள் இதே வடிவத்தை ஏற்று இதே மாற்றத்தைச் செய்கிறது. விஎஸ்எஃப்டிபிடி என்ற இன்னொரு சர்வரும் எக்ஸ்ஃபர்லாக் வடிவில் எழுதச் சொன்னால் இடைவெளியை அடிக்கோடாக்குகிறது. செயின்ட் லூயிஸில் ஒரு கிடங்கின் தேவைக்காக எடுத்த முடிவு, உலகம் முழுதும் உள்ள சர்வர்களின் வழக்கமாகிவிட்டது. அந்த வரியைப் படிக்கத் தெரிந்த நிரல்கள் ஏற்கெனவே நிறைய இருந்ததால், புதிய சர்வர் எழுதியவர்கள் எல்லோரும் அதே வரியை எழுத வேண்டியதாயிற்று.

அந்த வரியிலேயே இன்னோர் இடைவெளிச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. தேதி ஒற்றை இலக்கமாக இருந்தால், வரிசை கலையாமல் இருக்க அதன் முன்னால் ஓர் இடைவெளி கூடுதலாக விடுவார்கள். மார்ச் 15 என்றால் நடுவில் ஓர் இடைவெளி, மார்ச் 5 என்றால் இரண்டு. ‘ஆக்’ கருவி தொடர்ந்து வரும் இடைவெளிகளை ஒன்றாகவே எண்ணும், அதனால் தப்பிக்கும். ‘கட்’ கருவி ஒவ்வோர் இடைவெளியையும் தனித்தனியாக எண்ணும். அதை வைத்து எழுதிய ஸ்கிரிப்ட் மாதத்தின் 1 முதல் 9 தேதி வரை ஒரு துண்டு தள்ளிப் படிக்கும். பத்தாம் தேதி தானாகச் சரியாகிவிடும். இந்த வகைப் பிழையைத் தேடுகிறவர்கள் பாவம், தேடத் தொடங்கும்போது அது மறைந்திருக்கும்.

எக்ஸ்ஃபர்லாக் உருவான காலத்தில் கிடங்குகளில் இருந்த கோப்புப் பெயர்களில் இடைவெளி அபூர்வம். மெக்கின்டோஷ்காரர்கள் 1984லிருந்தே பெயரில் இடைவெளி விட்டுத்தான் எழுதினார்கள், ஆனால் அவர்கள் தொகை குறைவு. டாஸ் பயன்படுத்தியவர்களுக்கு எட்டு எழுத்தும் மூன்று எழுத்து வாலும்தான். 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்ததும் நிலைமை தலைகீழானது. 255 எழுத்து வரை பெயர் வைக்கலாம், இடைவெளி விடலாம். இயக்குதளமே தன் நிரல்களை வைக்கும் அடைவுக்கு ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று இடைவெளியோடு பெயர் சூட்டியது. கோடிக்கணக்கான மக்கள் தாங்கள் பேசுகிற மாதிரியே கோப்புக்குப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். அது அவர்கள் உரிமை. ‘மார்ச் மாதச் சம்பளப் பட்டியல்’ என்பதை எல்லாச் சொல்லையும் ஒட்டி எழுதச் சொல்ல எந்தக் கருவிக்கும் தகுதி இல்லை.

அந்தக் கோப்புகள் யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களுக்குள் எஃப்டிபி வழியாக வந்தன. வட்டில் சரியாக உட்கார்ந்தன. பதிவேட்டில் மட்டும் பெயர் மாறிப்போயிற்று.

இதனால் என்ன கெட்டுப்போகிறது? முதலில் தேடல். ‘ஆண்டு அறிக்கை வந்ததா?’ என்று ஒருவர் கேட்க, அட்மின் அந்தப் பெயரையே கொடுத்துப் பதிவேட்டில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. வரவே இல்லை என்று பதில் சொல்லிவிடுவார். கோப்போ வட்டில் இருக்கும்.

அடுத்தது, பதிவேட்டை நம்பி வேலை செய்யும் நிரல்கள். புதிய கோப்பு வந்ததா என்று எக்ஸ்ஃபர்லாக்கின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே இருந்து, வந்ததும் அந்தப் பாதையை எடுத்து அடுத்த வேலைக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட்கள் பல அலுவலகங்களில் ஓடுகின்றன. அடிக்கோடு போட்ட பாதையைத் திறக்கப் போனால் அப்படி ஒரு கோப்பே இல்லை. அதாவது பரவாயில்லை, பிழைச் செய்தியாவது வரும். அதே அடைவில் உண்மையிலேயே அடிக்கோடு உள்ள பெயரில் இன்னொரு கோப்பு இருந்தால், ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் அந்த வேறு கோப்பை எடுத்துக்கொண்டு போய்விடும். இடைவெளி உள்ள பெயரும் அடிக்கோடு உள்ள பெயரும் வட்டில் இரண்டு தனிக் கோப்புகள். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர். எது எப்போது வந்தது, எதை யார் அழித்தார் என்று பிறகு பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

என் வருத்தம் முழுக்க இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. நம் ஊரில் கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் உட்கார்ந்து எழுதுகிறவர் அவசரத்தில் எழுதுகிறார். அதைப் படிப்பவரோ பல வருடம் கழித்து, அன்று அங்கே இல்லாத ஒருவர். ஊரில் இரண்டு முருகேசன் இருந்தால், இன்னார் மகன், இன்ன தெரு என்று சேர்த்து எழுதினால்தான் அந்த நோட்டுக்கு மதிப்பு. சர்வர் பதிவேடும் இதே நம்பிக்கையில் எழுதப்படுவதுதான். தகவல் திருட்டு நடந்தபின் விசாரணைக்கு வருகிறவர், அனுப்பிய கோப்பு கிடைக்கவில்லை என்று வாடிக்கையாளர் புகார் செய்தபின் தேடுகிறவர், எல்லோரும் பின்னாளில் வருகிறவர்கள். அவர்களுக்கு மிஞ்சியிருப்பது அந்த வரி மட்டுமே.

அடிக்கோட்டின் பக்கத்தில் உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெயருக்குள் வருவதை அப்படியே பதிவேட்டில் எழுதினால், கெட்ட எண்ணம் உள்ளவர் பெயரை வைத்தே பொய் எழுதலாம். கோப்புப் பெயருக்குள் இடைவெளி விட்டுவிட்டு, பைனரி, உள்ளே வந்தது, வேறொருவர் பயனர் பெயர், முழுமை என்று எக்ஸ்ஃபர்லாக் புலங்களையே வரிசையாகச் சேர்த்துவிட்டால், படிக்கும் நிரல் அந்தப் பொய்ப் புலங்களை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். பெயருக்குள் வரி முடிவைச் செருக முடிந்தால் ஒரு முழுப் பொய் வரியையே எழுதிவிடலாம். அடிக்கோடு இந்த வாசலை அடைக்கிறது. இரண்டு இடைவெளி சேர்ந்து வந்தால் இரண்டு அடிக்கோடு போடும், பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியைக் காட்டியும் கொடுக்கும். பாதுகாப்பு தேவைதான். ஆனால் பாதுகாப்புக்காகப் பெயரைத் திரும்பப் பெற முடியாதபடி அழிக்க வேண்டியதில்லை. திரும்பப் படிக்கக்கூடிய மாற்று எழுத்துமுறை பக்கத்திலேயே இருந்தது.

உதாரணத்துக்கு வலைப் பக்கங்களின் முகவரி. 1994 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 1738 இடைவெளியை நேராக எழுதக் கூடாது என்றது, ஆனால் %20 என்று எழுதச் சொன்னது. 32 என்ற எண்ணைப் பதினாறடி முறையில் எழுதினால் 20. சதவீதக் குறியே பெயரில் இருந்தால் அதற்கும் %25 என்று தனிக் குறி உண்டு. அதனால் எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மூலப் பெயராக மாற்றிக்கொள்ளலாம், ஓர் எழுத்தும் தொலையாது. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வர் தன் பதிவேட்டுப் புலங்களுக்குள் இடைவெளி வந்தால் கூட்டல் குறி போடுகிறது. அது அடிக்கோட்டின் தம்பிதான். மூலத்திலேயே கூட்டல் குறி இருந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

விஎஸ்எஃப்டிபிடியை எழுதிய கிறிஸ் எவன்ஸ், பழைய வடிவத்தோடு தனக்கென ஒரு வடிவத்தையும் வைத்தார். அதில் நேரம், செயல்முறை எண், பயனர், ஏற்றமா இறக்கமா என்பதற்குப் பிறகு எதிர்முனை முகவரியும் கோப்பின் பெயரும் தனித்தனி மேற்கோள் குறிக்குள் வருகின்றன. இடைவெளி இடைவெளியாகவே இருக்கிறது. 1985இல் போஸ்டல் குழு அடைவுப் பெயருக்குச் சொன்ன வழிதான் இது. இரண்டு வடிவத்திலும் ஒரே நேரத்தில் எழுத வைக்கும் அமைப்பும் அதில் உண்டு. பழைய கணக்கு நிரல்களுக்கு ஒரு கோப்பு, மனிதருக்கு ஒரு கோப்பு.

இன்று எஃப்டிபியின் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டிருப்பது எஸ்எஃப்டிபி. அதில் பெயர் பயணம் செய்யும் விதமே வேறு. முதலில் நான்கு பைட்டில் பெயரின் நீளம், பிறகு அத்தனை பைட்டு பெயர். எங்கே முடிகிறது என்று தேடவே வேண்டாம், அதனால் பிரிப்பான் என்ற கேள்வியே எழுவதில்லை. ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரில் பதிவின் அளவைக் கூட்டி வைத்தால், கோப்பைத் திறந்தது, மூடியது, எத்தனை பைட்டு எழுதியது என்று ஒவ்வொன்றும் பதிவாகும், பெயர் மேற்கோளுக்குள் வரும். இடைவெளிக்கு அங்கே முழு மரியாதை.

ஆனால் நம் எழுத்துக்கு அங்கே வேறு சோதனை. ஆஸ்கி அல்லாத ஒவ்வொரு பைட்டையும் ஓபன்எஸ்எஸ்ஹெச் எட்டடி எண்ணாக்கித்தான் பதிவேட்டில் எழுதுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட்டு. ‘அ’ என்ற ஓர் எழுத்து \340\256\205 என்று விழும். ‘அம்மா’ என்று பெயர் வைத்தால் புள்ளியையும் காலையும் சேர்த்து ஐந்து குறிகள், 15 பைட்டு, பதிவேட்டில் 60 எழுத்து. கண்ணால் படிக்க முடியாது. என்றாலும் திரும்ப மாற்றிவிடலாம், ஒன்றும் தொலைவதில்லை. விஎஸ்எஃப்டிபிடியில் நிலைமை மோசம். 128 முதல் 159 வரையுள்ள பைட்டுகளை அச்சிட முடியாதவை என்று கருதி, ஒவ்வொன்றுக்கும் கேள்விக்குறி போடுகிறது. உயிரெழுத்துகள் எல்லாவற்றின் கடைசி பைட்டும் இந்த எல்லைக்குள் வருகிறது. க, ங, ச, ஞ, ட ஆகியவையும் அப்படியே. புள்ளியும் தப்பாது. த, ந, ம போன்றவை தப்பித்துவிடும். ஆக, ஒரு தமிழ்ப் பெயரில் பாதி எழுத்து நின்று, பாதி எழுத்து உடைந்துபோய்ப் பதிவாகிறது. இடைவெளியை மேற்கோளுக்குள் அவ்வளவு கவனமாகக் காத்த அதே மென்பொருள்தான் இதையும் செய்கிறது.

பழைய எக்ஸ்ஃபர்லாக்கோடு வாழ வேண்டியவர்களுக்கு ஒரு சொல். சில சர்வர்களும் இடையில் நிற்கும் சில நிரல்களும் இடைவெளியை மாற்றாமலே இந்த வடிவத்தில் எழுதுகின்றன. அவற்றைப் படிக்க ஒன்பதாவது துண்டை எடுக்கும் ஸ்கிரிப்ட் உதவாது. இடப்பக்கத்திலிருந்து எட்டுத் துண்டையும், வலப்பக்கத்திலிருந்து ஒன்பது துண்டையும் எண்ணிக் கழித்துவிட்டு, நடுவில் மிஞ்சுவதை வெட்டாமல் முழுதாகப் பெயர் என்று எடுக்க வேண்டும். வெட்டிப் பிறகு ஒட்டினால் இரட்டை இடைவெளி ஒற்றையாகிவிடும். பயனர் பெயரிலும் இடைவெளி புகுந்திருந்தால் இந்த வழியும் கைவிட்டுவிடும். அடிக்கோடாக மாறி வந்த பதிவேட்டுக்கோ மருந்தே இல்லை. வட்டில் உள்ள கோப்புகளோடு அளவையும் நேரத்தையும் ஒப்பிட்டு ஊகிக்கலாம். கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அந்த ஊகத்துக்கும் வழியில்லை.

2007 மார்ச்சில் எஃப்டிபிக்கு வந்த நீட்டிப்பான ஆர்எஃப்சி 3659, அடைவில் உள்ள கோப்புகளைப் பட்டியலிட ஒரு புதிய வடிவம் தந்தது. அளவு, வகை, தேதி எல்லாம் இடைவெளியில்லாமல் முதலில், பிறகு ஒரே ஓர் இடைவெளி, அதன்பின் வரி முடியும் வரை பெயர். 1985இல் கட்டளைக்கு இருந்த அதே ஒழுங்கு பட்டியலுக்கும் வந்து சேர்ந்தது. பதிவேட்டுக்கு மட்டும் அப்படி யாரும் தரம் எழுதவில்லை. எக்ஸ்ஃபர்லாக் எந்த ஆர்எஃப்சியிலும் பிறந்ததல்ல, ஒரு மென்பொருளின் கையேட்டில் பிறந்தது. அதனால் அதைத் திருத்தும் பொறுப்பும் யாருக்கும் இல்லாமல் போயிற்று.

எஃப்டிபி இன்று ஓய்ந்துகொண்டிருக்கிறது. லினக்ஸ் கெர்னலின் தலைமைக் கிடங்கு 2017 மார்ச்சில் எஃப்டிபியை நிறுத்தியது. டெபியன் தன் பொது எஃப்டிபி சேவையை அதே ஆண்டு நவம்பரில் மூடியது. 2021இல் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அதைக் கைவிட்டன. ஆனால் எக்ஸ்ஃபர்லாக் ஓயவில்லை. புரோஎஃப்டிபிடியின் எஸ்எஃப்டிபி பகுதியும் பரிமாற்றங்களை அதே பழைய வடிவில் எழுதுகிறது. நீளம் குறித்து, மறையாக்கம் செய்து, பத்திரமாக வந்த பெயர், கடைசி அடியில் பழைய நிரலின் கையில் சிக்கி அடிக்கோடாகிறது.

என் தீர்ப்பு இதுதான். குற்றம் இடைவெளியுடையது அல்ல, பெயர் வைத்தவருடையதும் அல்ல. எந்த எழுத்தும் வரலாம் என்று அனுமதித்த ஒரு புலத்தை மேற்கோள் இல்லாமல் வரியின் நடுவே வைத்ததுதான் குற்றம். 1990களில் அதற்குக் காரணம் இருந்தது. இப்போது புதிதாகப் பதிவேடு எழுதுகிறவர்களுக்கு அந்தக் காரணம் இல்லை. ஜேசன் போன்ற வடிவங்களில் மேற்கோளும், மேற்கோளுக்குள் மேற்கோளை எழுதும் முறையும் கூடவே வருகின்றன.

உங்கள் பொறுப்பில் ஒரு கோப்புச் சர்வர் இருந்தால் இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘ஆண்டு அறிக்கை’ என்று இடைவெளியோடு ஒரு கோப்பையும், அடிக்கோடோடு இன்னொரு கோப்பையும் ஏற்றுங்கள். பிறகு பதிவேட்டைத் திறந்து, எது எது என்று அந்த இரண்டு வரிகளை மட்டும் வைத்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், விஎஸ்எஃப்டிபிடியில் இரட்டைப் பதிவை இயக்குங்கள். புரோஎஃப்டிபிடியில் விரிவான பதிவேடு ஒன்றை அமைத்து, பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போடுங்கள். இரண்டுமே அமைப்புக் கோப்பில் சில வரி வேலைதான்.